பிரப் சாலையும் குடி அரசும்: மானுடவாதம் கிறிஸ்தவத்திடம் வாங்கியதும் மறுத்ததும்

2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து அறிவிக்கப்பட்டிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வழக்கம்போல மதமும் கேட்கப்படும். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 28.7 லட்சம் பேர் மதத்தைக் குறிப்பிடாதவர்களாகப் பதிவானார்கள். பதில் சொல்ல விரும்பாதவர், மதத்தை விட்டவர், எந்த மதம் என்று தெளிவில்லாதவர் எல்லோரும் அந்த ஒரே மூட்டையில் இருக்கிறார்கள். "மதம் இல்லை" என்று ஒருவர் சொன்னால், "அப்படியென்றால் நாத்திகரா, பெரியார் கட்சியா?" என்ற கேள்வியோடு கொங்குப் பகுதியில் பேச்சு முடிந்துவிடுகிறது. சில சபைகளின் பிரசங்கங்களிலோ "செக்யூலர் ஹியூமனிசம்" (மதச்சார்பற்ற மானுடவாதம்) என்பது எதிரியின் பெயர்போல ஒலிக்கிறது. அமெரிக்கச் சுவிசேஷப் பிரசங்கிகள் 1970களின் இறுதியிலிருந்து பரப்பிய வழக்கம் அது. கேட்பவர் அதைக் கம்யூனிசம் என்றோ, அரசியலமைப்பில் இருக்கும் மதச்சார்பின்மை என்றோ எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்.

அந்தப் பெயருக்குரிய கொள்கை வேறு. அதைக் கிறிஸ்தவத்துக்கு வெளியே எங்கோ பிறந்த பகைவனாகப் பார்ப்பதும் சரியில்லை. ஐரோப்பாவில் அது திருச்சபையின் வீட்டிலேயே வளர்ந்து, பிறகு பாகம் பிரித்துக்கொண்டு போன பிள்ளை. போகும்போது எதை எடுத்துச் சென்றது, எதைத் தொடவே மாட்டேன் என்று வைத்துவிட்டுப் போனது என்று பார்த்தால் இரண்டு தரப்பும் விளங்கிவிடும்.

முதலில் சொற்கள்

தமிழில் நான்கு சொற்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன.

1. மதச்சார்பின்மை. இது அரசு நடந்துகொள்ளும் முறை. அரசு எந்த மதத்தின் பக்கமும் சாயக்கூடாது என்பதே பொருள். பக்தி நிறைந்த கிறிஸ்தவரும் இதை ஆதரிக்கலாம். சிறுபான்மையாக இருக்கும் இடங்களில் ஆதரிக்கவே செய்கிறார்.

2. நாத்திகம். இது ஒரே ஒரு கேள்விக்கான பதில். கடவுள் இல்லை என்றதும் இதன் வேலை முடிந்துவிடும். எப்படி வாழ்வது, யாருக்கு உதவுவது என்று இது எதுவும் சொல்வதில்லை. கொடுங்கோலனும் நாத்திகனாக இருக்க முடியும்.

3. மனிதநேயம். இது குணம். கருமத்தம்பட்டி செபமாலை மாதா கோவிலுக்கு நடந்து போகிறவருக்கு வழியில் மோர் ஊற்றுகிறவரிடம் இருப்பது இதுதான். அவர் எந்த மதம் என்பது அங்கே பொருட்டில்லை.

4. மதச்சார்பற்ற மானுடவாதம். இது ஒரு முழு வாழ்க்கை நோக்கு. உலகத்தைப் பற்றிய அறிவை அறிவியலாலும் ஆராய்ச்சியாலும் தேட வேண்டும். நன்மை தீமையை மனித வாழ்வின் நலனையும் துன்பத்தையும் வைத்து எடைபோட வேண்டும். இந்த ஒரு வாழ்வே நமக்கு உள்ளது. அதைச் சீராக்கும் பொறுப்பு நம்முடையது. இந்த நான்கும் சேர்ந்தால் மானுடவாதம். கடவுள் மறுப்பு இதன் வாசற்படி மட்டும்தான்.

"செக்யூலர்" என்ற சொல்லையே இவர்கள் திருச்சபையிடமிருந்துதான் பெற்றார்கள். லத்தீனில் "சேக்குலும்" என்றால் காலம், யுகம், இந்த உலகம். துறவு மடத்துக்குள் வாழும் குருக்களிலிருந்து பிரித்துக் காட்ட, ஊர் மக்களிடையே பங்குப் பணி செய்யும் மறைமாவட்டக் குருக்களைக் கத்தோலிக்க மரபு செக்யூலர் குருக்கள் என்று அழைத்தது. அந்தப் பொருளில் பார்த்தால் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தின் பங்குத் தந்தையர் பலர் செக்யூலர் ஆட்கள்தான்!

ஒரே வீட்டில் தொடங்கிய வழக்கு

கடவுள் வேண்டாம் என்ற சிந்தனை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதில்லை. நம்மிடம் கண்ணுக்குத் தெரியும் இந்த உலகமே உண்மை என்ற உலகாயதம் இருந்தது. மணிமேகலையில் சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் எல்லாம் பூதங்களின் சேர்க்கையே என்னும் பூதவாதியும் தன் கட்சியை எடுத்துரைக்கிறான். கிரேக்கத்தில் எபிகூரஸ் இருந்தார். ஆனால் இன்று மானுடவாதம் என்ற பெயரில் அமைப்பாக இருப்பதற்கு வேர் வேறு இடத்தில் இருக்கிறது.

பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் இலக்கணம், சொற்கலை, வரலாறு, ஒழுக்கவியல் ஆகியவற்றைக் கற்பித்தவர்களை "உமனிஸ்தா" என்று மாணவர்கள் அழைத்தார்கள். அவர்கள் கடவுளை மறுத்தவர்கள் இல்லை. அந்த மரபின் பெரிய பெயரான எராஸ்மஸ் குருப்பட்டம் பெற்றவர். 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்தவரும் அவரே. மூலப் பிரதியைத் தேடிப் படி, கைமாறி வந்ததை அப்படியே ஏற்காதே என்பது அவர்களின் பழக்கம். வேதத்தைச் சரியாகப் படிப்பதற்காகத் தீட்டிய அந்தக் கத்தி இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு வேதத்தின் மீதே திரும்பியது. தத்துவவாதி ஹியூம் அற்புதங்களைக் கேள்வி கேட்டார். வோல்டேர் திருச்சபையின் அதிகாரத்தைக் கேலி செய்தார். 1859-இல் டார்வின் உயிரினங்களின் தோற்றத்துக்கு இயற்கைக் காரணம் காட்டிய பிறகு, படைத்தவர் இல்லாமலும் உலகை விளக்க முடியும் என்ற எண்ணம் படித்தவர்களிடையே பரவியது.

இங்கிலாந்தில் தெய்வ நிந்தனைக்காக 1842-இல் ஆறு மாதம் சிறை சென்ற ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் 1851-இல் "செக்யூலரிசம்" என்ற பெயரைக் கொண்டுவந்தார். நாத்திகர் என்றால் ஒழுக்கம் கெட்டவர் என்று பொருள்கொண்ட சமூகத்தில், அந்தக் கறை படியாத ஒரு சொல் அவருக்குத் தேவைப்பட்டது. 1866-இல் சார்லஸ் பிராட்லா தேசிய செக்யூலர் சங்கத்தை நிறுவினார். 1880-இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும், கடவுள் பெயரால் எடுக்க வேண்டிய உறுதிமொழியில் எழுந்த சிக்கலால் 1886 வரை அவரால் முறையாக அமர முடியவில்லை.

அந்த அலை தமிழ்நாட்டுக்கு வர நாளாகவில்லை. பிராட்லாவின் சங்கத்தோடு தொடர்பு வைத்திருந்த சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை "தத்துவ விவேசினி" என்ற தமிழ் இதழை நடத்தினார்கள். "இலௌகிகம்" (இவ்வுலகம் சார்ந்தது) என்ற அவர்களின் சொல் நிலைத்திருந்தால் இன்றைய குழப்பத்தில் பாதி இருந்திருக்காது. அரசின் கொள்கைக்கும் தனிமனிதரின் நோக்குக்கும் தனித்தனிச் சொற்கள் கிடைத்திருக்கும்.

அமைப்பு வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1933-இல் அமெரிக்காவில் வெளியான முதல் மானுடவாத அறிக்கையில் 34 பேர் கையெழுத்திட்டார்கள். கல்வியாளர் ஜான் டூயி அவர்களில் ஒருவர். திரித்துவத்தை ஏற்காத யூனிட்டேரியன் சபைப் போதகர்களும் கணிசமாக இருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த அறிக்கை தன்னை மதத்துக்கு எதிரானதாகச் சொல்லவில்லை. புதுவகை மதமாகவே அறிமுகம் செய்துகொண்டது. 1952-இல் ஆம்ஸ்டர்டாமில் உலக மானுடவாத அமைப்பு உருவானபோது உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி தலைமை வகித்தார். நம் நாட்டின் எம்.என். ராய் துணைத் தலைவர்களில் ஒருவரானார். 1973-இல் வந்த இரண்டாம் அறிக்கையில் மதம் என்ற போர்வை போய்விட்டது. "எந்தத் தெய்வமும் நம்மைக் காப்பாற்றாது, நம்மை நாமே காப்பாற்றிக்கொள்ள வேண்டும்" என்ற புகழ்பெற்ற வரி அதில்தான் இருக்கிறது.

எங்கே பிரிகிறது

அந்த ஒரு வரியிலேயே பிரிவு தெரிகிறது. கிறிஸ்தவத்தின் நடுத்தூண் மீட்பு. புராட்டஸ்டண்டு வழக்கில் இரட்சிப்பு. மனிதர் தம் முயற்சியால் எட்ட முடியாததைக் கடவுள் தம் கிருபையால் தருகிறார் என்பதே நற்செய்தி. மானுடவாதம் அந்தத் தூணைத்தான் அகற்றுகிறது. மற்ற வேறுபாடுகள் இதிலிருந்து கிளைத்தவை.

1. அறிவு. கிறிஸ்தவம் பகுத்தறிவைத் தள்ளுவதில்லை. தாமஸ் அக்குவினாஸ் கடவுள் உண்டு என்பதற்கே ஐந்து தர்க்க வழிகளைக் கொடுத்தவர். ஆனால் பகுத்தறிவு தானாகப் போய்ச் சேர முடியாத உண்மைகள் வெளிப்பாட்டால் வருகின்றன என்கிறது. ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மூவராக இருக்கிறார் என்னும் திரித்துவம் அப்படிப்பட்டது, 325-இல் நிசேயாவில் கூடிய சங்கம் அறிக்கையிட்ட விசுவாசம் ஆய்வுக்கூட முடிவு இல்லை. வெளிப்பாடு என்ற இந்த இரண்டாம் வாசலை மானுடவாதி ஏற்பதில்லை.

2. மனிதர். ஆதியாகமத்தின்படி மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர். அகுஸ்தீன் வகுத்த மரபின்படி பிறவிப் பாவத்தால் சிதைந்தவர். மதிப்பும் சிதைவும் ஒருசேர உள்ள உயிர். மானுடவாதம் மதிப்பை எடுத்துக்கொண்டது, பிறவிப் பாவத்தை விட்டுவிட்டது. மனிதர் பரிணாமத்தில் வந்த விலங்கு. குறையுள்ளவர், ஆனால் பிறக்கும்போதே குற்றவாளி ஆனவரில்லை என்கிறது.

3. மரணம். கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் விசுவாசமே வீண் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். கிறிஸ்தவம் தன் எடை முழுவதையும் அந்த ஒரு நிகழ்வின் மீது வைத்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மானுடவாதிக்கு மரணம் முடிவு. ஆகவே இருக்கும் நாட்களுக்கு எடை கூடுகிறது.

4. ஒழுக்கம். சண்டை சூடு பிடிக்கும் இடம் இது. நின்று பார்க்க வேண்டும்.

நொய்யலில் ஒரு சோதனை

இந்தப் பகுதிக்காரர்கள் அனைவருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாசனத்துக்காக 1992-இல் சென்னிமலை அருகே நொய்யல் ஆற்றில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கீழே இருந்த கிணறுகள் உப்பேறின; விளைநிலம் கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிடும் அளவுக்குப் போனது.

இப்போது கேள்வி. நடு இரவு, மழை, ஆற்றில் வெள்ளம். கழிவைத் திறந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஏன் திறந்துவிடக் கூடாது?

கிறிஸ்தவர் தரும் பதிலில் மூன்று அடுக்குகள் உண்டு. யாரும் பார்க்காவிட்டாலும் கடவுள் பார்க்கிறார். நிலமும் நீரும் அவருடைய படைப்பு, நமக்குக் குத்தகைதான். கீழே இருக்கும் விவசாயி "உன்னைப்போல் நேசிக்க" வேண்டிய அயலான். மானுடவாதியின் பதிலில் முதல் இரண்டு அடுக்குகள் இல்லை. மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டு, அது போதும் என்கிறார்: கிணறு கெட்டால் துன்பப்படப் போவது உன்னைப் போன்ற ஒரு மனிதர், உன் கிணற்றில் இன்னொருவர் அப்படிச் செய்தால் ஏற்பாயா? இந்தக் காரணத்துக்கு மேல் வேறு காரணம் எதற்கு?

கிறிஸ்தவச் சிந்தனையாளர் இங்கே குறுக்கிடுவார். "அவரும் உன்னைப் போன்ற மனிதர் என்று யார் சொன்னது? பலவீனனின் உயிருக்கும் வலியவனின் உயிருக்கும் ஒரே விலை என்பது இயற்கையில் எங்கே எழுதியிருக்கிறது? அது சிலுவையில் தொங்கியவரை ஆண்டவர் என்று கொண்டாடிய மதம் உலகுக்குக் கொடுத்த பாடம். எங்கள் தோட்டத்துக் கனியைப் பறித்துக்கொண்டு மரமே வேண்டாம் என்கிறீர்கள்." இது லேசான வாதம் இல்லை. கிறிஸ்தவத்தின் கடும் எதிரியான நீட்சேயும், கடவுளை விட்டுவிட்டுக் கிறிஸ்தவ ஒழுக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது என்று கிட்டத்தட்ட இதையே சொன்னார்.

மானுடவாதி பிளேட்டோவின் பழைய கேள்வியோடு திருப்பி அடிப்பார். கடவுள் சொன்னதால் ஒன்று நல்லதா, நல்லது என்பதால் கடவுள் சொன்னாரா? முதலாவது என்றால், அவர் கொடுமையைக் கட்டளையிட்டாலும் அது நல்லதாகிவிடும். இரண்டாவது என்றால், நன்மைக்குக் கடவுளைச் சாராத ஓர் அளவுகோல் இருக்கிறது. நாங்கள் அதை நேரடியாகவே பயன்படுத்திக்கொள்கிறோம். கடவுளின் இயல்பே நன்மை, அவருக்கு வெளியே அளவுகோலும் இல்லை, அவர் விருப்பம் தாறுமாறானதும் இல்லை என்பது இதற்குக் கிறிஸ்தவ மரபின் மறுமொழி.

என் கணிப்பில், நன்மை எங்கிருந்து வந்தது என்ற வரலாற்று வாதத்தில் கிறிஸ்தவர் பக்கம் பலம் அதிகம். இன்று அது எதன்மேல் நிற்க முடியும் என்ற வாதத்தில் மானுடவாதி பின்தங்கவில்லை. நிலத்தைத் திருத்தியவர் யார் என்பதும் இப்போது உழுகிறவர் யார் என்பதும் வெவ்வேறு கேள்விகள்.

தவறு நடந்த பிறகு என்ன என்பதில் இன்னொரு வேறுபாடு உண்டு. கிறிஸ்தவத்தில் மன்னிப்புக்கு ஒரு வாசல் இருக்கிறது. கத்தோலிக்கருக்குக் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவு ஓர் அருட்சாதனமாகவே (திருச்சபையின் புனிதச் சடங்காகவே) இருக்கிறது. மானுடவாதத்தில் மேலிருந்து மன்னிக்க ஆள் இல்லை. பாதிக்கப்பட்டவர்தான் மன்னிக்க முடியும். நஷ்டத்தை ஈடு செய்வதுதான் பரிகாரம். "பாவத்தைச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் போதும்" என்று கிறிஸ்தவத்தைக் கேலி செய்பவர்கள் வரி வசூலித்த சகேயுவை மறந்துவிடுகிறார்கள். அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்ன பிறகுதான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னதாக லூக்கா எழுதுகிறார்.

கறை இரண்டு பக்கமும் உண்டு. அடிமை முறைக்கு வேத வசனம் காட்டிய போதகர்களும் இருந்தார்கள். அதே வேதத்தைக் கொண்டு அதை எதிர்த்த வில்பர்போர்சும் இருந்தார். 1952-இல் உலக மானுடவாத அமைப்பின் தொடக்கத்துக்குத் தலைமை வகித்த ஹக்ஸ்லி, 1959 முதல் 1962 வரை பிரிட்டிஷ் யூஜெனிக்ஸ் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். மனித இனத்தைப் பொறுக்கிப் பெருக்கலாம் என்ற எண்ணத்தை வளர்த்த சங்கம் அது. அறிவியலைத் துணைக்கு வைத்துக்கொண்டால் மட்டும் வழுக்காமல் நடந்துவிட முடியாது.

கொங்கில் வேறு கணக்கு

ஈரோட்டில் பன்னீர்செல்வம் பூங்கா அருகே லண்டன் மிஷன் போதகர் பிரப் பெயரில் நினைவு ஆலயம் இருக்கிறது; பக்கத்துச் சாலையும் நெடுங்காலம் பிரப் சாலை என்றே அழைக்கப்பட்டது. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் பெரியார் வாழ்ந்த வீடு. ஐரோப்பாவில் எதிரெதிரே நின்ற இரண்டு தரப்பும் இங்கே ஒரே ஊரில் குடியிருந்தன. ஆனால் சண்டையின் வடிவம் வேறாக இருந்தது.

கிறிஸ்தவம் இங்கே ஆளும் மதமாக வேரூன்றவில்லை. 1623-இல் ராபர்ட் டி நொபிலி சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தபோது காவி உடுத்தி, தமிழில் வாதாடி, கேட்க ஆள் தேடினார். 1830-இல் லண்டன் மிஷன் கோயம்புத்தூரில் பணி தொடங்கியபோதும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. வந்தவர்கள் பள்ளிக்கூடம் திறந்தார்கள், மருத்துவமனை கட்டினார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர் சுமார் 6 சதவீதம். மனசாட்சியை மிதிக்கும் திருச்சபை என்ற ஐரோப்பியச் சித்திரத்தை இங்கே அப்படியே ஒட்ட முடியாது.

1925 மே 2-இல் ஈரோட்டில் பெரியாரின் குடி அரசு வார இதழ் தொடங்கியபோது அதைத் திறந்துவைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள் என்ற சைவ மடாதிபதி. பெரியாரின் கேள்வி கடவுள் உண்டா என்பதில் தொடங்கவில்லை. கிணற்றில் யார் நீர் எடுக்கலாம், தெருவில் யார் நடக்கலாம் என்பதில் தொடங்கி, அதற்குக் காவலாக மதம் நிற்பதைக் கண்டு, அங்கிருந்து கடவுள் வரை போயிற்று. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் தாம் ஏன் கிறிஸ்தவர் இல்லை என்று 1927-இல் லண்டனில் ஆற்றிய உரையைச் சுயமரியாதை இயக்கத்தார் தமிழில் வெளியிட்டதும் உண்மைதான். ஆனாலும் சாதி ஒழிப்புதான் முதல் இலக்காக இருந்தது. இன இழிவு நீங்க இஸ்லாம் நல்ல மருந்து என்று 1947-இல் பெரியார் பேசியதை ஆம்ஸ்டர்டாம் வகை மானுடவாதி எவரும் சொல்லியிருக்க மாட்டார். ஒரு மதத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகச் சொல்வது அவருக்குக் கொள்கை முரண். பெரியாருக்கு அது முரண் இல்லை, ஏனென்றால் நோயாக அவர் கண்டது வேறு.

ஆக, சுயமரியாதை இயக்கம் மானுடவாதத்தின் பங்காளி. அதன் கிளை என்று சொல்லிவிட முடியாது. பகுத்தறிவு, இந்த உலக வாழ்வு, பெண் விடுதலை ஆகியவற்றில் இரண்டும் ஒன்று. தொடங்கிய இடம் வேறு. கிறிஸ்தவம் கொங்குப் பகுதியில் எதிர்கொண்ட கடினமான கேள்வியும் கடவுள் இருப்பைப் பற்றியது அன்று. தேவசாயலில் படைக்கப்பட்டவர்கள் என்று போதித்த பிறகும் கோவிலிலும் கல்லறையிலும் சாதி ஏன் தொடர்கிறது என்பதுதான் அந்தக் கேள்வி.

பத்திரத்தில் என்ன ஆகும்

நம்பிக்கை ஒருவரது சொந்த விஷயம் என்றாலும் திருமணமும் சொத்தும் வரும்போது சட்டம் உள்ளே நுழைகிறது. இங்கே பலர் தடுமாறுகிறார்கள்.

1. சுயமரியாதைத் திருமணம். அண்ணா ஆட்சியில் 1967-இல் நிறைவேறிய திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்ந்தது. புரோகிதர் இல்லாமல், உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ மணக்கலாம். ஆனால் சட்டப்படி இருவரும் "இந்து" என்ற வரையறைக்குள் வர வேண்டும். பௌத்தர், சமணர், சீக்கியர் அதில் அடக்கம். மதத்தை மறுப்பதற்காகப் பிறந்த திருமண முறை, மதத்தின் பெயர் தாங்கிய சட்டத்துக்குள்ளேதான் குடியிருக்கிறது.

2. ஒருவர் கிறிஸ்தவர் என்றால் 7ஏ பொருந்தாது. கிறிஸ்தவ முறை வேண்டும் என்றால் 1872-ஆம் ஆண்டின் கிறிஸ்தவ திருமணச் சட்டம். மதச் சடங்கே வேண்டாம் என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் 30 நாள் அறிவிப்பு உண்டு, அது அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்படும். வீட்டார் எதிர்ப்பு இருக்கும் இணையருக்கு அந்த 30 நாள் எவ்வளவு நீளம் என்று சொல்லத் தேவையில்லை.

3. பள்ளிச் சேர்க்கையில் சாதி, மதம் குறிப்பிட விருப்பமில்லாவிட்டால் வற்புறுத்தக் கூடாது என்று தமிழக அரசு 1973-இலேயே ஆணையிட்டிருக்கிறது. படிவத்தில் இடத்தைக் காலியாக விடலாம். ஆனால் காலியிடம் சொத்துரிமையை மாற்றாது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத எவருக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டிருக்கிறது. கோபிசெட்டிபாளையத்தில் கூட்டுக் குடும்பத்தில் பிறந்து, மதம் வேண்டாம் என்று நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரின் தோட்டம் பெரும்பாலும் இந்துச் சட்டப்படியே பிள்ளைகளுக்குப் போகும். உயில் எழுதினால் அது தனிக்கதை.

4. அதே குடும்பத்துப் பிள்ளை ஒரு கிறிஸ்தவரைச் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தால், அந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு குறுக்கே வருகிறது. பிரிக்கப்படாத இந்துக் குடும்பத்திலிருந்து அவர் பிரிந்துவிட்டதாகவே அத்திருமணம் கருதப்படும். அவருக்கு ஏற்கெனவே உள்ள பங்கு போய்விடாது, ஆனால் கூட்டு முறிகிறது. அவர் தனியாக வைத்துவிட்டுப் போகும் சொத்துக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மணமக்கள் இருவரும் சட்டப்படி இந்துக்களாக இருந்தால் இந்த இரண்டு விளைவும் இல்லை என்று 1976-இல் திருத்தம் செய்தார்கள். கடவுளே இல்லை என்று இருவரும் ஒருமனதாகச் சொன்னாலும், பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது அவர்கள் எந்த மதத்து வீட்டில் பிறந்தார்கள் என்பதைத்தான் வழக்கறிஞர் முதலில் கேட்பார்.